காய்ந்த ஊருக்குக் குடிபோனால் வீசிங் போய்விடுமா?

கார்த்திகை பிறந்தால் எங்கள் வீட்டு பீரோவுக்குப் பின்னால் சுவரில் கறுப்பாகப் புள்ளி வைக்க ஆரம்பிக்கும். முதலில் மிளகுப்பொடி தூவின மாதிரி இருக்கும், பத்து நாளில் உள்ளங்கை அகலத்துக்குப் படர்ந்துவிடும். பையனின் ஸ்கூல் ஷூவை ஒரு லீவு வாரம் போடாமல் வைத்தால் உள்ளே வெள்ளையாகப் பூசணம். சென்னையில், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் பக்கத்தில், தரைத்தள வீடு. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் வாசற்படி தாண்டித் தண்ணீர் வந்த தெரு. அன்றைக்குக் குடித்த தண்ணீரைச் சுவர் இன்னும் கக்கிக்கொண்டிருக்கிறது. பையனுக்கு ஆறு வயது, வீசிங் என்கிற ஆஸ்துமா இழுப்பு. அக்டோபரிலிருந்து ஜனவரி வரைக்கும் நடுராத்திரியில் நெபுலைசர், அதாவது மருந்தைப் புகைபோல ஆக்கி மூச்சில் கொடுக்கிற மெஷின், ஓடாத வாரமே கிடையாது.

உடுமலைப்பேட்டையில் வாக்கப்பட்டிருக்கும் நாத்தனார் ஒருநாள் போனில் சொன்னாள்: “பேசாம இங்க வந்துருங்க அண்ணி. இது காய்ஞ்ச ஊரு, பையனுக்கு ஒண்ணும் வராது.” சென்னையில் வீசிங் பிள்ளை வைத்திருக்கிற எந்த வீட்டுக்கும் இந்த யோசனை எப்படியாவது வந்து சேர்ந்துவிடும். சொல்கிறவர்கள் நல்லதுக்குத்தான் சொல்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு போவது பற்றி முடிவெடுக்கும்போது, “காய்ந்த ஊர்” என்ற அந்த ஒற்றை வார்த்தைக்குள் என்னென்ன அடங்கியிருக்கிறது என்று பிரித்துப் பார்க்காமல் லாரிக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது என்று தோன்றியது. பிரித்துப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் காற்று. வீசிங்கைக் கிளப்பிவிடுகிற விஷயங்களில் ஈரத்தோடு நேரடியாகத் தொடர்புள்ளவை இரண்டு. ஒன்று பூசணம், அது கண்ணுக்குத் தெரியும். இன்னொன்று மெத்தையிலும் தலையணையிலும் வாழும் தூசிப் பூச்சி, கண்ணுக்குத் தெரியாது. இந்தப் பூச்சி வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உடம்பால் உறிஞ்சித்தான் உயிர் பிழைக்கிறது. அறையின் ஈரப்பதம் பல வாரங்களுக்குத் தொடர்ந்து 50 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் காய்ந்து செத்துவிடும். ஆக, நாத்தனார் சொன்னதில் அறிவியல் இல்லாமல் இல்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்கு ஒத்துக்கொள்ளாமல் போவது பெரும்பாலும் அந்தப் பூச்சியின் எச்சம்தான், அது பூச்சி செத்த பிறகும் மாதக்கணக்கில் மெத்தையிலேயே கிடக்கும். பழைய இலவம்பஞ்சு மெத்தையைச் சுருட்டி லாரியில் ஏற்றினால் வீசிங்கும் அதே லாரியில் வருகிறது என்று அர்த்தம்.

இந்த ஈரப்பதம் என்பதை யாரும் அளந்து பார்ப்பதில்லை, தோலை வைத்துத்தான் சொல்கிறோம். ஐந்நூறு ரூபாய்க்குள் சின்ன டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. வாங்கிப் பையன் படுக்கிற அறையில் வைத்தேன். நவம்பரில் 84. சரி, எதிர்பார்த்ததுதான். ஆனால் அதே நாள், அதே நேரம், இரண்டாவது மாடியில் இருக்கும் வீட்டில் கொண்டுபோய் வைத்தால் 71. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே கட்டடம், பதின்மூன்று புள்ளி வித்தியாசம். அவர்கள் வீட்டில் இரண்டு பக்கமும் ஜன்னல், மேற்கு வெயில் சுவரில் அடிக்கிறது, துணி மொட்டைமாடியில் காய்கிறது. எங்கள் வீட்டில் மழைக்காலம் முழுக்க ஹாலில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறோம், ஒரு வாளித் துணி உள்ளே காய்ந்தால் லிட்டர் கணக்கில் தண்ணீர் அறைக் காற்றில் கலக்கிறது என்று தெரிந்தே. ஊரைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் வீட்டைக் கொஞ்சம் குற்றம் சொல்லலாம் போலிருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதலில் பட்டது.

அப்புறம் அந்த மீட்டரைப் பையில் போட்டுக்கொண்டு ஜூலையில் உடுமலைக்குப் போனோம். நாத்தனார் வீட்டு ஹாலில் வைத்தேன். 76. அவளுக்கே ஆச்சரியம், “மெசினு சரியில்லீங்க அண்ணி” என்றாள். மெஷின் சரிதான். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்கு ஒரு திறப்பு இருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று கேரளாவில் மழையை இறக்கிவிட்டு அந்தக் கணவாய் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் புகுந்து அடிக்கிறது. மழை தருவதில்லை, லேசான சாரலும் குளிர்ச்சியும் மட்டும் தரும், ஈரத்தை முழுசாக விட்டுவிட்டும் வருவதில்லை. உடுமலை, பல்லடம், தாராபுரம் பக்கம் அத்தனை காற்றாலைகள் நிற்பதும் இந்தக் காற்றை நம்பித்தான். ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பதை அங்கே யாரும் பழமொழியாகச் சொல்வதில்லை, ஓடு மாற்றுகிற செலவாகச் சொல்கிறார்கள்.

ஆக, மழை குறைவு என்பதும் காற்று காய்ந்திருக்கிறது என்பதும் ஒன்றல்ல. சென்னைக்கு ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை, கோவை, தாராபுரம் வட்டாரத்துக்கு ஏறக்குறைய அதில் பாதி. ஆனால் அங்கே காற்று உண்மையிலேயே காய்வது பிப்ரவரி முதல் ஏப்ரல் வரைக்கும்தான். மார்ச்சில் திரும்பப் போனபோது மீட்டர் பிற்பகலில் 31 காட்டியது. பையனுக்கு வீசிங் இல்லை, உண்மை. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது, அதுவும் உண்மை. மூக்கின் உள்தோல் காய்ந்து வெடிப்பதால் வருவது, தேங்காய் எண்ணெய் தடவினால் சரியாகிவிடும் என்றார் அங்கிருந்த டாக்டர். பெரிய விஷயமில்லை, ஆனால் வெள்ளைத் தலையணையில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி யாரும் அப்படி நிதானமாக யோசிப்பதில்லை.

வெயில் விஷயத்தில் மட்டும் காய்ந்த ஊர் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது. நம் உடம்பு குளிர்வது வியர்வை ஆவியாவதால். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை வழிகிறதே தவிர ஆவியாவதில்லை. இதை அளக்க ஈரக்குமிழ் வெப்பநிலை என்று ஒன்று சொல்கிறார்கள், தெர்மாமீட்டர் குமிழில் ஈரத்துணி சுற்றி எடுக்கிற அளவு. 34 டிகிரி, 75 சதவீத ஈரப்பதம் என்றால் இந்த அளவு 30-ஐத் தொடும். 38 டிகிரியாகவே இருக்கட்டும், ஈரப்பதம் 30 சதவீதம் என்றால் 24 சொச்சம்தான். அதாவது தெர்மாமீட்டரில் சூடான ஊர் உடம்புக்குக் குளிர்ந்த ஊராக இருக்க முடியும். உடுமலையில் ஏப்ரல் மாதம் நிழலில் உட்கார்ந்தால் உட்கார முடிகிறது, சென்னையில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்தாலும் முதுகில் சட்டை ஒட்டுகிறது.

இந்த “நல்ல காற்றுக்குப் போ” என்ற யோசனைக்கு ஒரு வரலாறு உண்டு, அதன் முக்கியமான திருப்பம் நடந்ததே சென்னையில்தான். காசநோய்க்கு மருந்து இல்லாத காலத்தில் காய்ந்த, திறந்த காற்றுதான் சிகிச்சை. ஆந்திராவில் மதனப்பள்ளிக்குப் பக்கத்தில் ஆரோக்கியவரம் என்று பெயர் வைத்தே ஒரு சானடோரியம், அதாவது காசநோயாளிகள் தங்கிச் சிகிச்சை எடுக்கிற ஆஸ்பத்திரி, கட்டினார்கள். 1928-இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் ஒன்று தொடங்கினார். இன்றைக்கும் மின்சார ரயிலில் போகிறவர்கள் ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ஸ்டேஷனைக் கடக்கிறோமே, அந்தப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். இன்று புழுக்கத்துக்கும் புகைக்கும் பயந்து ஆட்கள் கிளம்பத் தயாராக இருக்கிற அதே தாம்பரத்துக்கு, ஒரு காலத்தில் நல்ல காற்றைத் தேடி ஆட்கள் வந்தார்கள்.

1956-இல் சேத்துப்பட்டில் ஒரு ஆய்வு தொடங்கியது. காசநோயாளிகளை இரண்டு பிரிவாகப் பிரித்து, ஒரு பிரிவைச் சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்றோட்டத்தோடு வைத்தார்கள், இன்னொரு பிரிவை அவரவர் வீட்டிலேயே விட்டார்கள், சென்னையின் நெரிசலான, ஏழை வீடுகளில். இரண்டு பிரிவுக்கும் ஐசோநியாசிட், பாஸ் என்ற ஒரே மருந்துகள், ஒரு வருடம். 1959-இல் முடிவு வெளியானபோது, வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். வேலை செய்தது காற்று அல்ல, மாத்திரை. உலகம் முழுக்கச் சானடோரியங்கள் மூடப்பட்டதில் இந்த ஆய்வுக்கு ஒரு பங்கு உண்டு.

ஆஸ்துமா காசநோய் அல்ல, ஒன்றை வைத்து மற்றதை அப்படியே சொல்ல முடியாது. ஆனாலும் இதைப் படித்தபோது எனக்கு உறுத்தியது வேறு. பையனுக்கு டாக்டர் தினமும் போடச் சொன்ன தடுப்பு இன்ஹேலரை, அந்த ஸ்டீராய்டு பஃப்பை, நாங்கள் ஒழுங்காகப் போடவில்லை. “பழகிடும்”, “இந்த வயசுல எதுக்கு” என்று வீட்டில் ஆளாளுக்குச் சொல்ல, நன்றாக இருந்தால் நிறுத்திவிடுவோம், வீசிங் வந்தால் ஓடுவோம். தடுப்பு மருந்து என்பது நன்றாக இருக்கும்போது போடுவதற்குத்தான் என்பது மண்டையில் ஏறவே இல்லை. இன்ஹேலரில் மாட்டுகிற ஸ்பேசர் குழாயை வைத்துக் காலையும் ராத்திரியும் ஐந்து நிமிடம் செலவழிக்க அலுத்துக்கொண்டவர்கள், 500 கிலோமீட்டர் தள்ளிக் குடிபோகத் தயாராக இருந்தோம். கேட்டால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் இது எங்கள் வீட்டில் மட்டும் நடப்பதில்லை.

அமெரிக்காவிலும் இதே கதை இருக்கிறது. அரிசோனா பாலைவனத்தில் டூசான் என்ற ஊருக்கு, போன நூற்றாண்டில் ஆஸ்துமாக்காரர்கள் குடும்பம் குடும்பமாகப் போனார்கள், காய்ந்த காற்றுக்காக. போனவர்கள் சும்மா இருக்கவில்லை, தங்கள் பழைய ஊர் மாதிரி நிழல் வேண்டுமென்று மல்பெரியும் ஆலிவும் நட்டார்கள், புல்தரை போட்டார்கள். அந்தப் புல் வேறொன்றும் இல்லை, நாம் பிள்ளையாருக்குச் சாத்துகிற அருகம்புல். அதன் மகரந்தமும் அந்த மரங்களின் மகரந்தமும் காற்றில் ஏறி, எதற்குத் தப்பி வந்தார்களோ அது பின்னாலேயே வந்து சேர்ந்தது. 1980-களில் அந்த வட்டார நிர்வாகம் மல்பெரி, ஆலிவ் மரங்களின் விற்பனையைத் தடை செய்யும் அளவுக்குப் போனது.

நம் காய்ந்த ஊர்களுக்கும் அவற்றுக்கே உரிய தூசி உண்டு. தரிசு முழுக்கப் பார்த்தீனியம், சாலையோரம் முழுக்கச் சீமைக்கருவேலம், இரண்டின் மகரந்தமும் ஒவ்வாமை தரக்கூடியவை. உடுமலை, பொள்ளாச்சிப் பக்கம் தேங்காய் மட்டை அடிக்கிற தொழிற்கூடங்கள், நூற்பாலைகள், கோழிப்பண்ணைகள். நார்த் தூசியும் பஞ்சுத் தூசியும் ஆடிக்காற்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். புதுத் தூசிக்கு உடம்பு உடனே எதிர்வினை காட்டாது, பழகிச் சண்டை பிடிக்க ஒரு பருவமோ இரண்டு பருவமோ ஆகலாம். அதனால்தான் “வந்த முதல் வருஷம் சூப்பரா இருந்துச்சு” என்பதை முழு சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது. வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹால் சைஸைப் பார்ப்பதற்கு முன்னால், மேற்குப் பக்கம் ஒரு கிலோமீட்டருக்குள் என்ன இருக்கிறது என்று வண்டியில் ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு வருவது நல்லது, ஏனென்றால் காற்று அங்கிருந்துதான் வரும்.

சரி, காற்றை விடுங்கள். நான் உண்மையில் பயப்படுவது தண்ணீருக்கு. காய்ந்த காற்று வேண்டும் என்று கேட்டால் காய்ந்த நிலமும் கூடவே வரும், ஒன்றை மட்டும் பொறுக்கி எடுத்துக்கொள்ள முடியாது. சென்னைக்காரர்கள் இதில் பெரிய வாய் பேச முடியாதுதான், 2019-இல் ஏரிகள் வறண்டு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததைப் பார்த்தவர்கள் நாம். ஆனால் கொங்கு நாட்டு நிலத்தடி வேறு மாதிரி. கீழே இருப்பது கெட்டிப் பாறை, தண்ணீர் அதன் வெடிப்புகளில் மட்டும் நிற்கும். பக்கத்து வீட்டு போர்வெல்லில் 300 அடியில் தண்ணீர் இருக்கும், உங்கள் வீட்டில் 900 அடி போட்டாலும் புகை மாதிரிப் பாறைப்பொடிதான் வரும். அதனால் “இந்த ஏரியாவுல தண்ணி நல்லாருக்கும்” என்று புரோக்கர் சொல்வதற்கு அர்த்தமே இல்லை. இந்த போரில் ஏப்ரலில் தண்ணீர் இருந்ததா என்பது மட்டும்தான் கேள்வி.

உடுமலை நகராட்சிக்குக் குடிநீர் திருமூர்த்தி அணையிலிருந்து வருகிறது. அணைக்குத் தண்ணீர் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டத்தின் கால்வாய் வழியாக மலையிலிருந்து வருகிறது. இந்தத் திட்டத்தின் பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். “இப்ப எங்க மண்டலத்துக்கு ஓடுதுங்க” என்று அங்கே யாராவது சொன்னால், கிணற்றில் மட்டம் ஏறியிருக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் வீடு பார்க்கப் போனால் போரில் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், நீங்களும் மயங்கிவிடுவீர்கள். எனவே வாய்க்கால் காய்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். ஊருக்கு வெளியே புதிதாகப் பிரித்திருக்கும் சைட்டுகளில் வீடு அழகாக இருக்கும், வாடகை குறைவாக இருக்கும், ஆனால் “நல்ல தண்ணி எத்தனை நாளைக்கு ஒருக்கா விடறாங்க?” என்று கேட்டால் பதில் கொஞ்சம் யோசித்துத்தான் வரும். குளியலறைக்குள் போய் வாட்டர் ஹீட்டர் காயிலைத் தூக்கிப் பாருங்கள். சுண்ணாம்பு பூசின மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தால், வீட்டுக்காரர் சொல்லாததை அது சொல்லிவிடும்.

உப்பு கூடப் பரவாயில்லை, சோப்பு நுரைக்காது, அவ்வளவுதான். ஃப்ளோரைடுதான் மோசம். தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறைக்குள்ளிருந்து வரும் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகம், அதற்காகவே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் கொண்டுவந்தார்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லை என்றால் 1.5 வரைக்கும் ஏற்கலாம் என்பது இந்தியத் தர அளவு. பல்லில் பழுப்புக் கறை விழுவது பல் உருவாகும் வயதில்தான், அதாவது எட்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு. பெரியவர்கள் பத்து வருடம் குடித்தாலும் பல்லில் தெரியாது என்பதால், “நாங்க குடிக்கிறோம், எங்களுக்கு என்ன ஆச்சு” என்ற சாட்சி இங்கே செல்லாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்றச் செறிவுதான் கூடும். காய்ந்த ஊர் எதுவாக இருந்தாலும், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் ஒரு பாட்டில் தண்ணீரைப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்துவிடுவது சில நூறு ரூபாய் வேலை.

பணக்கணக்கு நீங்கள் நினைப்பதுபோல்தான், அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இங்கே 21,000 கொடுக்கிற எங்களுக்கு அங்கே மாடி வீடு 9,000-க்குச் சொன்னார்கள். மிச்சமாகும் 12,000-இல் பாதி என் கணவரின் ரயிலுக்கும் சென்னையில் அவர் தங்குவதற்கும் போய்விடும், வாரத்தில் மூன்று நாள் கிண்டி ஆபீஸுக்கு வந்தே ஆக வேண்டும் என்பதால். பாலக்காட்டிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி வழியாகச் சென்னைக்கு ராத்திரி ரயில் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை டிக்கெட் கிடைப்பது அவரவர் அதிர்ஷ்டம். ஆனால் “வீட்டிலிருந்தே வேலை” என்ற வசதியை நம்பிக் குடும்பத்தை மாற்றுகிறவர்கள் ஒன்று யோசிக்க வேண்டும்: அந்த வசதி ஒரு மெயிலில் போய்விடக்கூடியது, பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன் அப்படியல்ல.

ஆஸ்பத்திரி விஷயத்தில் கேட்க வேண்டிய கேள்வி, ஊரில் எத்தனை ஆஸ்பத்திரி என்பது அல்ல. ராத்திரி இரண்டு மணிக்கு ஆக்சிஜனோடு, குழந்தைகளைப் பார்க்கத் தெரிந்த டாக்டரோடு எது திறந்திருக்கும் என்பதுதான். சாதாரண வீசிங் என்றால் உடுமலையிலேயே பார்த்துக்கொள்ளலாம். கைமீறினால் கோவை, 70 கிலோமீட்டர். அந்த ஒன்றரை மணி நேரத்தை மனசில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட வேண்டும், பின்சீட்டில் யார் பையனைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது உட்பட.

இன்னொன்று, யாரும் கணக்கில் எழுதாதது. சென்னையில் மாடியில் யார் இருக்கிறார்கள் என்றே மூன்று வருடம் தெரியாமல் இருக்கலாம். சின்ன ஊரில் சாமான் இறக்கி முடிப்பதற்குள் “நீங்க எந்தப் பக்கங்க?” என்று கேட்டுவிடுவார்கள். அந்தக் கேள்வி ஊரைப் பற்றியது இல்லை என்று கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். பதிலைப் பொறுத்து வீடு கிடைப்பதும் கிடைக்காததும் உண்டு. நாத்தனார் அங்கே இருப்பதால் எங்களுக்கு அந்தக் கதவு ஏற்கெனவே திறந்திருக்கிறது, எல்லோருக்கும் அப்படி இல்லை என்பதை மறைத்துவிட்டுச் சின்ன ஊரின் அன்பைப் பற்றி மட்டும் எழுதுவது நேர்மையில்லை. அன்பும் இருக்கிறது. மார்ச்சில் பையன் மூக்கில் ரத்தம் வந்த ராத்திரி, பெயர் தெரியாத பக்கத்து வீட்டம்மா ஐஸ்கட்டியோடு வந்து நின்றார்.

மாமியார் உடுமலைக்குத்தான் ஓட்டு, மகளோடு இருக்கலாம் என்ற ஆசையை மூட்டுவலி மேல் போட்டுச் சொல்கிறார். கணவருக்குப் பாதி மனசு. நான் முதலில் அதே தெருவில் இரண்டாவது மாடி வீட்டுக்கு மாறிப் பார்ப்போம் என்றேன், மேற்குச் சுவரில் வெயில் அடிக்கிற வீடாக. ஆவணியில் மாறினோம். பழைய மெத்தையைத் தூக்கிப்போட்டோம், தலையணைகளுக்கு ஜிப் வைத்த உறை தைத்தோம், பஃப்பை காலையும் ராத்திரியும் பல் விளக்குவதோடு சேர்த்துவிட்டோம். இந்த ஐப்பசி அடைமழையில் மீட்டர் 69, நெபுலைசரை எடுத்தது இரண்டே முறை. உடுமலைப் பள்ளியில் இரண்டாம் வகுப்புக்கு விண்ணப்பம் ஏப்ரலில் கொடுப்பார்களாம், அதற்குள் தை வரைக்கும் எண்ணிப் பார்க்கலாம் என்று காலண்டரில் நெபுலைசர் ஓடிய தேதிகளைச் சிவப்பில் வட்டம் போட்டு வருகிறோம்.